கட்டை விரல் கேட்காத முடிச்சு

முடிச்சைப் பற்றி என்னிடம் யாராவது வாய் கொடுத்தால் அன்றைக்கு அவர்களுக்கு வேறு வேலை நடக்காது என்பாள் என் வீட்டுக்காரி. அவள் சொல்வதில் தப்பே இல்லை. கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் கிரேனுக்குச் சரக்குக் கட்டிவிடுகிற வேலை எனக்கு. தலைக்கு மேலே இரும்பு போகும்போது, போட்ட கட்டு நிற்குமா நிற்காதா என்ற கேள்வியோடு கீழே எவனும் நடமாட முடியாது. நிற்கும் என்று தெரிந்துதான் கையை எடுக்க வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு ரத்தத்தில் ஏறிவிட்டது. வாரம் முழுக்க இரும்பைக் கட்டுகிற இந்தக் கை, ஞாயிற்றுக்கிழமையானால் பழவேற்காட்டுப் பக்கம் போய்த் தூண்டில் நரம்பில் பொம்மை மீனைக் கட்டும். அங்கேயும் கட்டியபின் நான் சந்தேகப்பட்டதில்லை.

பொம்மை மீன் என்றால் விளையாட்டுச் சாமான் இல்லை. முள்ளில் இறாலையும் புழுவையும் குத்துவதற்குப் பதிலாக, மீன் போலவே செய்து வண்ணம் பூசிய பிளாஸ்டிக் துண்டை வீசி இழுப்போம். வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக மூன்று கொக்கி சேர்ந்த முள் தொங்கும். கடையில் லூர் என்று கேட்க வேண்டும். நாங்கள் மீன் பிடிக்கிற பழவேற்காட்டுப் பாலத்தின் மேல் நின்றுகொண்டு அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே அது பொம்மைதான்.

கொடுவா மீன் சாதாரண ஆள் இல்லை. பொம்மை உயிரோடு நீந்துவதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு வந்தால்தான் பாயும். தலை ஆடுவதும் ஆடாததும் முடிச்சின் கையில். மூக்கு வளையத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினால், புது மாப்பிள்ளை போட்டோவுக்கு நிற்கிற மாதிரி பொம்மை விறைத்துக்கொண்டு வரும். மூக்கில் நரம்பாலேயே சின்னதாக ஒரு வளையம் விட்டுக் கட்டினால், அந்த வளையத்துக்குள் இடமும் வலமும் ஆடிக்கொண்டு வரும். ஏரியில் விராலுக்குப் போடுகிற ரப்பர் தவளைக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. அது தண்ணீர் மேலே இழுபட்டு வருகிற சாமான், இறுக்கிக் கட்டினால் போதும். ஆகவே என்ன மீன், என்ன பொம்மை, எவ்வளவு தடிமன் நரம்பு என்று பார்த்துத்தான் முடிச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே முடிச்சை எல்லாவற்றுக்கும் போடுகிறவர்களும் உண்டு. எங்கள் கிரேன் ஓட்டுநர் அப்படித்தான். "மீனு இன்னா முடிச்சப் பாத்தா கடிக்குது?" என்பார். வருஷக்கணக்காக அவர் சொல்வது இந்த ஒரு வசனம்தான். அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையானால் கோழிக்குழம்புதான் கொதிக்கும்.

என் கூட்டாளிக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவனும் எங்கள் ஆலைதான், கம்பிக்கட்டுப் பிரிவு. உருட்டி வருகிற கம்பிகளைக் கட்டாக அடுக்கி, மெல்லிய கட்டுக்கம்பியால் சுற்றி, கொக்கியால் முறுக்கி நிறுத்துகிற வேலை. பழவேற்காட்டுக்கு நாங்கள் இருவரும் ஒரே வண்டியில் போய் வந்துகொண்டிருந்தோம். போன வருஷம் ஒரு கட்டு நழுவி உருண்டதில் அவன் இடது கைக் கட்டை விரலில் பாதியும் ஆள்காட்டி விரலின் நுனியும் போய்விட்டன. காயம் ஆறியது. ஆலையில் அவனைச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். சோறு தின்னவும் வண்டி ஓட்டவும் அந்தக் கை சீக்கிரமே பழகிவிட்டது. நரம்பைப் பிடிக்க மட்டும் வரவில்லை.

வலது கை சுற்றும், இடது கை பிடிக்கும், அதுதான் முடிச்சு. பிடிக்கிற கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு சின்னக் கண்ணியைக் கிள்ளிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் கிள்ளு இல்லையென்றால் வலது கை என்ன வித்தை காட்டினாலும் நரம்பு உதறிக்கொண்டு பிரிந்துவிடும்.

காயம் ஆறியபின் முதல் தடவை பாலத்துக்குப் போனபோது அவன் தடுமாறுவதைப் பக்கத்தில் நின்ற ஒருவர் பார்த்தார். நல்ல மனுஷன். கேலி எதுவும் செய்யவில்லை. "குடு நைனா, நான் கட்டித் தரேன்" என்று வாங்கி, கட்டி, பொம்மையைத் துடைத்தும் கொடுத்தார். இவன் வாங்கிக்கொண்டான். நாலு தடவை வீசினான். அப்புறம் சுருட்டி வைத்துவிட்டு, போகலாம் என்றான். அன்றைக்குப் பீரோ மேல் போன தூண்டில் கழி அங்கேயே இருந்தது. நான் கூப்பிட்டுப் பார்த்தேன், வீட்டிலேயே கட்டி எடுத்து வருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். அவன் கோபப்படவில்லை, குரலும் உயரவில்லை.

"அடுத்தவன் கட்டுன முடிச்சுல நான் மீன் புடிக்க மாட்டேன். உடு."

அதோடு பேச்சு முடிந்தது.

சில மாதம் கழித்து அவன் பெண்சாதி என்னைப் பொன்னேரி மார்க்கெட்டில் பார்த்தது. அது ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். பேசினால் நின்று கேட்கலாம்போல் இருக்கும். அது பேசுகிற சில வார்த்தைகளை நான் வீட்டுக்கு வந்து அப்படியே சொல்லிக்காட்டுவேன். அன்றைக்குக் கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னது:

"ஞாயித்துக்கெழம வந்தா எங்க ஊட்ல ஒரு ஆளு அதிகம்ணா. அவரு மூஞ்சி தனியா வந்து ஒக்காந்துக்குது. அதுக்கும் சேத்துச் சோறு வடிக்கணும்போல கீது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சிரிக்கவில்லை. மாதா கோயிலில் இருந்து வந்ததும் கட்டிலில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் அப்படியே, பிள்ளைகள் பக்கத்தில் போனால் எரிந்து விழுகிறது, டிவி சத்தம் பிடிக்கவில்லை, குழம்பில் உப்பு பிடிக்கவில்லை என்று அடுக்கியது. விரல் போன அன்றைக்குக்கூட இந்த ஆள் இப்படி இல்லை என்றது. கடைசியில் பையை எடுத்துக்கொண்டு, "அவரு தண்ணிக்குப் போனாத்தான் எங்களுக்கு ஆளு திரும்பக் கெடைக்கும். உங்களுக்குத்தான் முடிச்சு தெரியுமே, எதனா பண்ணுங்க" என்றது.

எனக்குத் தெரியும் என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் போதாதா! அன்றைக்கே வீட்டில் இன்சுலேஷன் டேப்பை எடுத்து, என் இடது கைக் கட்டை விரலை உள்ளங்கையோடு மடக்கி ஒட்டி, ஆள்காட்டி விரல் நுனியிலும் சுற்றிக்கொண்டேன். அந்தக் கையோடு எனக்குத் தெரிந்த முடிச்சை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது என்று முடிவு. ஆலைக் கேன்டீனிலும் டேப் ஒட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பரிமாறுகிற அக்கா, நல்ல கையைக் கட்டிப்போட்டுக்கொண்டு சாப்பிடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றியது. விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு ஒரு யோசனை. பல்லால் கடித்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். கிரேன் ஓட்டுநர், கொக்கி போட்ட கிளிப்பை ஒரு தடவை கட்டிவிட்டால் அதன்பின் பொம்மையை மாட்டிக் கழற்றினால் போதுமே, இதற்கு ஏன் இத்தனை பேஜாரு என்றார். நல்ல யோசனைதான். அந்தக் கிளிப்பைத் திறந்து பார்த்தேன். அதைத் திறக்கவே கட்டை விரல் நகம் வேண்டியிருந்தது.

வழக்கமாக எல்லாரும் போடுகிற சுற்று முடிச்சு முதலில் கழன்றுகொண்டது. சுற்றியபின் மூக்கடியில் இருக்கிற கடுகத்தனை ஓட்டையைக் கிள்ளிப் பிடித்தால்தான் நரம்பை அதில் நுழைக்க முடியும். அடுத்தது இரட்டை முடிச்சு. நரம்பை இரண்டாக மடித்து மூக்கு வழியே விட்டு, சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, மீதிக் கண்ணியைப் பொம்மையின் உடம்பு வழியாகத் தாண்டவிட்டு இழுப்பது. கண்ணை மூடிக்கொண்டும் போடலாம், விரல் நுனிக்கு வேலையே இல்லை. இதுதான், முடிந்தது விஷயம் என்று எனக்கு ஒரே குஷி. மூக்கில் வளையம் விடுகிற முடிச்சு இருக்கிறதே, அதை நான் தொடக்கூட இல்லை. அதில் படி அதிகம். முழுக் கை உள்ளவனே அதில் திணறுவான் என்று ஒதுக்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கழியும் நரம்பும் பொம்மையுமாக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்சாதி டீ வைத்துக் கொடுத்துவிட்டு, வேலை எதுவும் இல்லாவிட்டாலும் சமையற்கட்டு வாசலிலேயே நின்றது. அவன் இடது கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். நான் டேப் ஒட்டிய கையால் இரட்டை முடிச்சைப் போட்டுக் காட்டினேன். கண்ணி போய் வயிற்று முள்ளில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட்டேன், வால் முள்ளில் மாட்டியது. தவளைக்கு வழுக்கிக்கொண்டு போகிற முடிச்சு, முள் தொங்குகிற பொம்மைக்கு முரண்டு பிடிக்கிறது.

"நைனா, உனுக்கு எப்ப விரல் போச்சு?" என்றான்.

பெண்சாதி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பியது. நான் விடவில்லை. கழியை முட்டிக்கு இடையில் இடுக்கி, பொம்மையின் முள்ளைக் கழியின் வளையத்தில் மாட்டி, நரம்பை இழுத்துப் பிடித்து, இப்படிப் போட்டால் கண்ணி மாட்டாது பார் என்று ஒரு வழியாக முடித்துக் காட்டினேன். முடிச்சு அழகாக உட்கார்ந்தது. அவன் அதை வாங்கிப் பொம்மையை ஆட்டிப் பார்த்தான். அது ஆடவில்லை.

"தண்ணில நிக்கும்போது நான் எங்க ஒக்காந்து முட்டில இடுக்கறது? சேத்துலயா? சரி, கட்டிட்டேன்னே வெச்சிக்க. இது இன்னா, கம்பி மாதிரி விறைச்சிக்கினு வரும். கொடுவா வந்து ஒரு வணக்கம் வெச்சிட்டுப் போவும்."

சொல்லிவிட்டு, பையிலிருந்த கையை எடுத்துப் பொம்மையின் மூக்கைத் தொட்டான். "வளையம் உடணும். வளையம் உடாத எதுவும் வேணாம்."

அது உன் கையால் ஆகாது என்று நான் சொல்லவில்லை. நான் அதைச் சொல்லாமல் இருந்ததை அவன் கவனித்தான். டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன். நரம்பையும் பொம்மையையும் மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அதன்பின் சில வாரம் அவன் முடிச்சுப் பேச்சே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சாமான் அறைக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். உள்ளே போனேன். மேஜை மேல் அவன் இடது கை. அதில் கட்டை விரல் முழுசாக இருந்தது.

பழைய தோல் கையுறையிலிருந்து கட்டை விரலை மட்டும் வெட்டி, உள்ளே பஞ்சுத்துணியை இறுக்கி அடைத்து, அடியில் ஒரு வார் வைத்து மணிக்கட்டோடு கட்டியிருந்தான். கம்பிக்கட்டுப் பிரிவில் எல்லாருக்கும் கொடுக்கிற அந்தத் தடித்த மஞ்சள் தோல்தான். ஷூ கம்பெனியில் தையல் தெரிந்த பெண்சாதி ஓரம் தைத்துக் கொடுத்திருக்கிறது. இவ்வளவு வேலை நடந்தும், நடுவில் மறுபடி மார்க்கெட்டில் என்னைப் பார்த்தபோது அது ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை.

"இப்ப பாரு" என்றான்.

முதலில் நரம்பில் தனியாக ஒரு தளர்ந்த முடிச்சு போட்டுக்கொண்டான். அது தானாகவே வாயைத் திறந்துகொண்டு நிற்கும், யாரும் கிள்ளிப் பிடிக்க வேண்டியதில்லை. அப்புறம் பொம்மையை எடுத்து, அதன் வால் முள்ளை அந்தத் தோல் விரலில் நறுக்கென்று குத்தி நிறுத்தினான். நான் என் கட்டை விரலை மடக்கிக்கொண்டேன். பொம்மை அசையாமல் நின்றது. நரம்பை மூக்கில் விட்டு, திறந்திருந்த முடிச்சுக்குள் திருப்பிக் கொண்டுவந்து, தோல் விரலை நடுவிரலோடு அழுத்தி நரம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சுற்றி, மறுபடி அதே முடிச்சுக்குள் நுழைத்து இழுத்தான். மூக்கில் வளையம், வளையத்தில் பொம்மை. ஆட்டிக் காட்டினான். ஆடியது.

"உன் கட்டை விரல்ல முள்ளு குத்திக் காட்டு, பாக்கலாம்."

முடியாதுதான். ஆகாது என்று நான் ஒதுக்கி வைத்த முடிச்சுதான் அந்தக் கைக்கு ஏற்ற முடிச்சு. படி அதிகம், ஆனால் எந்தப் படியிலும் கிள்ள வேண்டியதில்லை. நான் படியை எண்ணினேன், அவன் தன் கையைப் பார்த்தான்.

ஆனாலும் எனக்கு வாய் சும்மா இருக்குமா? முடிச்சை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். நரம்பு தடித்த ரகம். தடித்த நரம்புக்குச் சுற்று குறைவாக இருந்தால்தான் ஒன்றோடொன்று படுத்து இறுகும். இவன் ஒன்று கூடுதலாகப் போட்டிருந்தான். இறுக்குவதற்குமுன் எச்சிலும் தொடவில்லை. எச்சிலோ தண்ணீரோ படாமல் காய்ந்த நரம்பை இழுத்தால் உரசிச் சூடாகி வலு போய்விடும். கம்பிக்கட்டு ஆட்கள் எல்லாருக்கும் இந்தக் கூடுதல் சுற்றுப் பழக்கம் உண்டு. கட்டுக்கம்பியைக் கொக்கியால் முறுக்கி முடித்த பிறகும், லாரி குலுங்கினாலும் நிற்கட்டும் என்று இன்னொரு முறுக்கு கொடுத்துவிட்டுத்தான் நகர்வார்கள். இரும்புக்கு அது சரி. நரம்பு இரும்பு இல்லை என்று சொன்னேன். "வந்துட்டாருபா வாத்தியாரு" என்று கையை வீசிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். பாலத்துக்கு வேண்டாம் என்றான். அங்கே ஆள் அதிகம், யாராவது உதவிக்கு வந்துவிடுவார்கள். கால்வாய் ஓரமாக உள்ளே போய், கல் கொட்டிய கரையில் வண்டியை நிறுத்தினோம். கடல் காற்று நன்றாக அடித்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கொடுவாவுக்கு அதுதான் நேரம். அவன் முட்டி அளவுத் தண்ணீரில் இறங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டினான். நேரம் எடுத்தது. நான் என் பொம்மையைக் கட்டி முடித்துவிட்டும் கட்டாததுபோல் அதையே தடவிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அவன் வீச வேண்டும் என்று இருந்தது.

வீசினான். பொம்மை தலையை ஆட்டிக்கொண்டு வருவது மேலிருந்தே தெரிந்தது. மறுபடி வீசினான். அப்படியே கல் ஓரமாகத் தள்ளித் தள்ளி வீசிக்கொண்டு போனான். வெயில் சாய ஆரம்பித்த நேரத்தில் கழி ஒரேயடியாக வளைந்தது. மீன் தண்ணீருக்கு மேலே எகிறி, வாயைத் திறந்து தலையை உதறியது. நல்ல கொடுவா. வயிறு வெள்ளி மாதிரி திரும்பியதை நான் பார்த்தேன். கழியைத் தாழ்த்திக்கொண்டு, தோல் விரலைக் கழியின் அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, வலது கையால் சுருட்டினான். மீன் இன்னொரு தடவை எகிறியது. அடுத்த நொடி கழி நிமிர்ந்துவிட்டது.

அவன் காலி நரம்பைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வந்தான். நான் நரம்பின் நுனியைப் பார்த்தேன். கல்லில் அறுந்திருந்தால் சொரசொரவென்று கிழிந்த மாதிரி இருக்கும். இது வழுவழுவென்று, பொரித்த முறுக்கின் வால் மாதிரி சுருண்டிருந்தது. முடிச்சு பிரிந்து நழுவியிருக்கிறது. அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கழி மறுபடி பீரோ மேல் ஏறப்போகிறது, நாம்தான் கூட்டிக்கொண்டு வந்து இதைச் செய்தோம் என்று தோன்றியது. என்னை அறியாமல் கை நீண்டு அவன் நரம்பைப் பிடித்துவிட்டது. அடுத்த பொம்மையைக் கட்டிக் கொடுத்துவிடலாம் என்றுதான்.

அவன் நரம்பை என் விரலிலிருந்து உருவிக்கொண்டான்.

"தள்ளு நைனா. வெளிச்சத்த மறைக்கிற."

தள்ளி நின்றேன். அவன் பெட்டியைத் திறந்து, இருந்ததிலேயே பழசான ஒரு பொம்மையை எடுத்து, தோல் விரலில் குத்திக்கொண்டான். சுருண்ட நுனியைப் பல்லால் கடித்து நறுக்கித் துப்பினான். அப்புறம் தானாகவே சிரித்தான்.

"கம்பின்னு நெனச்சிக்கினு ஒரு முறுக்கு சேத்துப் போட்டேன். நீ சொன்னதுதான். உடனே மூஞ்சில லைட்டு போட்டுக்காத."

போட்டுக்கொள்ளவில்லை என்றேன். போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அவன் கட்டியதை ஒரு தடவை அவனே பிரித்தான். மறுபடி கட்டினான். சுற்றும்போது உதடு அசைந்தது, எண்ணிக்கொள்கிறான். இழுப்பதற்குமுன் நாக்கை நீட்டி முடிச்சை நனைத்தான். நான் பார்த்துக்கொண்டே நின்றால் அவனுக்குக் கை ஓடாது என்று தோன்றியதால், என் கழியை எடுத்துக்கொண்டு கல் மேலே நடந்து அந்தப் பக்கம் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் பொம்மை தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சுருட்டுகிற சத்தம். மறுபடி விழுகிற சத்தம்.

வெளிச்சம் மங்குகிற நேரத்துக்கு என் போன் அடித்தது. அவன் பெண்சாதி. அவருக்குப் போட்டால் எடுக்கவில்லை, எங்கே இருக்கிறீர்கள் என்றது. குழம்பு கொதிக்கிற சத்தம் பின்னால் கேட்டது.

தண்ணீரில் நிற்கிறான், கையில் போனை எடுக்க முடியாது என்றேன். மீன் ஒன்று மாட்டி, முடிச்சு நழுவிப் போய்விட்டது, மறுபடி கட்டி வீசிக்கொண்டிருக்கிறான் என்றும் சொன்னேன்.

"யாரு கட்டுனது?"

"அவனேதாம்மா. என்னைத் தொடவே உடல."

அந்தப் பக்கம் குழம்பின் சத்தம் நின்றது. அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.

"கூப்டாதீங்கண்ணா" என்றது. "அவரா வரட்டும்."